கள்ளி வளர்த்த மருத்துவர்

கடற்கரை மணலில் புதராக வளரும் சப்பாத்துக்கள்ளியை நம்மில் பலர் கண்டிருப்போம். நாகதாளி என்றும் அதனைக் கூறுவர். தட்டையாகத் தோன்றும் அதன் பசிய உறுப்புகள் இலைகள் அல்ல, தண்டுகளே. மெய்யான இலைகள் மிகச் சிறியவை, இளமையிலேயே உதிர்ந்துவிடும். தண்டு நீரைச் சேர்த்து வைக்கும். அதன்மேல் படிந்த மெழுகு அந்நீரைக் காக்கும். ஒடிந்து விழுந்த தண்டும் வேர்விட்டுப் புதிய செடியாகும். மஞ்சள் முட்களும் மஞ்சள் மலர்களும் கருஞ்சிவப்புக் கனிகளும் உடைய இக்கள்ளியின் தாயகம் அமெரிக்கக் கடற்கரைகளாகும். இதன் இனத்தைச் சேர்ந்த கள்ளிகளைச் சென்னையில் தோட்டமிட்டு வளர்த்தவர் ஒருவர் உண்டு. அவரே மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன்.

இவர் 1738ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தில் பிறந்தார். மருத்துவம் பயின்று, கிழக்கிந்தியக் கும்பினியின் பணியேற்றுச் சென்னைக்கு வந்தார். நாளடைவில் தலைமை மருத்துவராக உயர்ந்தார். நோயாளரைப் பேணியதோடு நில்லாமல், மக்களுக்குப் பிழைப்பளிக்கும் புதுப் பயிர்களையும் நாடினார். பட்டுப்புழுவிற்காக முசுக்கட்டைச் செடியைப் பயிரிட்டார்.

அக்காலத்தில் ஐரோப்பியர் விரும்பி வாங்கிய செஞ்சாயம் மெக்சிகோவிலிருந்து வந்தது. கள்ளியின்மீது வாழும் கொச்சினீல் என்னும் சிறு பூச்சியை உலர்த்தி அச்சாயத்தைச் செய்தனர். ஒரு பவுண்டு சாயப்பொருளுக்கு ஏறத்தாழ 70,000 பூச்சிகள் வேண்டும். ஸ்பானியர் அப்பூச்சியை அயலார் கைக்கு எட்டாதவாறு காத்தனர்.

1786இல் சென்னையில் ஒருவகைப் புல்லின்மீது சிவந்த பூச்சிகளை ஆண்டர்சன் கண்டார். கொச்சினீல் கிடைத்துவிட்டது என மகிழ்ந்து, இங்கிலாந்திலிருந்த ஜோசப் பாங்க்ஸ் என்னும் அறிஞருக்கு எழுதினார். ஆராய்ந்தபோது அவை வேறு பூச்சிகள் எனத் தெரிந்தது. ஆண்டர்சன் தளரவில்லை. சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டம் அமைத்தார். அவருடைய உறவினர் ஆண்ட்ரு பெர்ரி அதனை மேற்பார்த்தார்.

1795இல் பிரேசிலிலிருந்து கல்கத்தாவிற்குச் சாயப்பூச்சி வந்தது. பின்னர்ச் சென்னைக்கும் வந்தது. ஆயினும் அது மெக்சிகோவின் உயர்ந்த இனமன்று, காட்டினம். அதன் சாயம் தரத்தில் தாழ்ந்தது. மேலும், அது தான் வாழ்ந்த கள்ளியையே உறிஞ்சி அழித்தது. 1800இல் தோட்டம் கைவிடப்பட்டது. 1809இல் ஆண்டர்சன் மறைந்தார். சென்னை மருத்துவர்கள் அவருக்குப் புனித ஜார்ஜ் தேவாலயத்தில் சிலை நிறுவினர்.

அவர் முயற்சி வீணாயிற்றோ? இல்லை. அப்பூச்சியால் கள்ளி அழிந்ததைக் கண்ட மக்கள் அதில் ஓர் உண்மையை உணர்ந்தனர். வேலியாக வைத்த கள்ளி விளைநிலங்களிலும் மேய்ச்சல் நிலங்களிலும் பரவி உழவரை வருத்தியபொழுது, அப்பூச்சியையே படையாக ஏவினர். ஆனால், ஒவ்வொரு பூச்சிக்கும் உணவு ஒவ்வொரு கள்ளி. சைதாப்பேட்டைக்கு வந்த பூச்சி நாகதாளியை அழிக்கவில்லை. 1926இல் இலங்கையிலிருந்து கொணர்ந்த வேறோர் இனப் பூச்சியே தென்னிந்தியாவில் நாகதாளிக் காடுகளை ஒடுக்கியது.

ஆண்டர்சன் தேடியது சாயம். உலகம் பெற்றதோ களையை வெல்லும் வழி. தோல்வியையும் கூர்ந்து நோக்குவோர்க்கு அதுவே நல்லாசிரியனாகும்.