தவளைகளுக்குப் பெயர் சூட்டியவர்



ஐப்பசி மழையில் நம் எட்டயபுரத்துக் கரிசல் மண் நனைந்துவிட்டால் போதும், இரவெல்லாம் தவளைகளின் கச்சேரிதான். நமக்கு அவை எல்லாம் வெறும் தவளைகள். ஆனால் அவற்றை இனம் இனமாகப் பிரித்தறிந்து பெயர் சூட்டிய அறிஞர் ஒருவர் நம் தமிழ்நாட்டிலே பிறந்தார். அவரே பேராசிரியர் சி. ஆர். நாராயண ராவ்.

1882-ஆம் ஆண்டு கோயம்புத்தூரில் பிறந்த இவர், சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பயின்றார். பின்னர் பெங்களூர் சென்ட்ரல் கல்லூரியில் விலங்கியல் பேராசிரியராக விளங்கினார். 1932-ல் தொடங்கிய 'கரண்ட் சயின்ஸ்' என்னும் அறிவியல் இதழின் முதல் ஆசிரியரும் இவரே.

இவர் உள்ளத்தைக் கவர்ந்தவை மேற்குத் தொடர்ச்சி மலைத் தவளைகள். குடகு நாட்டில் காவிரியின் புனிதச் சதுப்பு நிலத்தில் கிடைத்த ஒரு தவளைக்கு, 1920-ல் 'நிக்டிபெட்ராகஸ் சாங்டிபலஸ்ட்ரிஸ்' என்று பெயரிட்டார். முதற்சொல் பேரினத்தையும், இரண்டாம் சொல் சிற்றினத்தையும் குறிக்கும். புனிதச் சதுப்பில் வாழ்வது என்பதே இரண்டாம் சொல்லின் பொருள். 1937-ல் மேலும் பல புதிய தவளைகளை ஒரே கட்டுரையில் விவரித்தார்.

உயிரினத்துக்குப் பெயர் வைத்தால் மட்டும் போதாது. அப்பெயருக்குச் சாட்சியாக ஓர் உடலைப் பதப்படுத்திக் காக்கவும் வேண்டும். பின்னால் வருபவர்கள் அதனோடு ஒப்பிட்டுத்தான் இனத்தை உறுதி செய்வார்கள். அந்தோ! ராவ் விவரித்த தவளைகள் பலவற்றின் மாதிரிகள் காலப்போக்கில் காணாமற் போயின. எழுத்து நின்றது, சாட்சி மறைந்தது. 1960-ல் அவரும் மறைந்தார். அவர் பெயரிட்ட இனங்கள் சில எவை என்பதே ஆய்வாளர்களுக்குப் புதிராயிற்று.

ஆனால் உண்மையான உழைப்பு வீண்போவதில்லை. 2010-ல் பேராசிரியர் பிஜு முதலிய ஆய்வாளர்கள் புதர்த் தவளைகளின் பேரினம் ஒன்றுக்கு 'ராவோர்கெஸ்டெஸ்' என்று ராவின் பெயரையே சூட்டினர். 91 ஆண்டுகளாக எவர் கண்ணிலும் படாதிருந்த அந்தக் குடகுத் தவளையும் மீண்டும் கண்டுபிடிக்கப்பட்டதாக 2011-ல் செய்தி வந்தது. பெயர் சூட்டியவரின் பெயரைத் தவளைகளே சுமக்கின்றன!

தோழியரே, தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இன்றோ அதன் குரலைக் கேட்டே இனத்தைப் பிரித்தறிகிறார்கள். அடுத்த மழைக்கு நாமும் சற்றே காது கொடுப்போம். கண்டதைக் குறித்து வைப்போம். குறித்ததைக் காத்து வைப்போம். நாராயண ராவின் வாழ்வு நமக்குக் கற்பிக்கும் பாடம் இதுவே.

— பத்தாம் வகுப்பு மாணவி