கூட்டைக் கலைத்த கர்த்தர்



இந்த மாதம் வாலிபர் பக்கத்துக்கு நான் எழுத நினைத்திருந்தது வேறே. ஆனால் மூன்று வாரமாக ஜெபத்தில் உட்காரும்போதெல்லாம் ஆவியானவர் ஒரே மனுஷனுடைய சரித்திரத்தையே என் நினைவுக்குக் கொண்டுவந்தார். அவர் நம்முடைய பெந்தெகொஸ்தே ஊழியக்காரர் அல்ல, ஆங்கிலிக்கன் சபையின் பிஷப். அங்கி போட்டவர், அச்சடித்த ஜெபத்தை வாசித்தவர் என்று யாராவது முகம் சுளித்தால் பரவாயில்லை, முழுசும் வாசித்துவிட்டு அப்புறம் சொல்லுங்கள். அவர் பெயர் வேதநாயகம் சாமுவேல் அசரியா.

1874 ஆகஸ்ட் 17-ம் தேதி, இன்றைய தூத்துக்குடி மாவட்டத்திலுள்ள வெள்ளாளன்விளை கிராமத்தில் பிறந்தார். தகப்பனார் தாமஸ் வேதநாயகம் அந்த ஊர்ப் போதகர். பல வருஷம் ஆண்பிள்ளைக்காகக் காத்திருந்து, அன்னாளைப் போலக் கர்த்தரிடத்தில் கேட்டு வாங்கின பிள்ளை என்பதால் சாமுவேல் என்று பெயர் வைத்தார்கள். 1889-ல் தகப்பனார் நித்திரையடைந்தார். அதன்பின் தாயார் எல்லன் அம்மாள்தான் மகனைக் கண்டிப்போடும் ஜெபத்தோடும் வளர்த்தார்கள். மெஞ்ஞானபுரத்தில் படித்து, திருநெல்வேலியில் படித்து, கடைசியில் மெட்ராஸ் கிறிஸ்தவக் கல்லூரிக்கு வந்தார். ஆனால் பட்டம் வாங்கவில்லை. (நம்ம வீட்டில் ஒரு பிள்ளை அப்படி வந்து நின்றால் என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை!)

1895-ல், 21 வயதில், ஒய்.எம்.சி.ஏ. காரியதரிசியானார். அதாவது வாலிபர் ஊழியம். அதுதான் 14 வருஷம் அவருடைய வேலை. தென்னிந்தியா முழுவதும் சுற்றினார். ஷெர்வுட் எடி என்ற அமெரிக்க ஊழியர் அவருக்கு உற்ற நண்பர். 1898-ல் அன்பு மாரியம்மாளை, வரதட்சணை இல்லாமல் எளிமையாக விவாகம் செய்தார். அந்த அம்மாள் அந்தக் காலத்திலேயே கல்லூரி வரைக்கும் படித்தவர்கள். 1907-ல் டோக்கியோவில் நடந்த உலக மாணவர் மாநாட்டுக்கும் அசரியா போய்வந்தார். ஒரு வாலிபர் தலைவனுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? நல்ல பெயர், நல்ல நண்பர்கள், தாய்மொழியில் பிரசங்கம், போகிற இடமெல்லாம் மரியாதை.

இதன் நடுவில்தான் 1902-ல் யாழ்ப்பாணம் போனார். அங்கே இருந்த தமிழ்க் கிறிஸ்தவ வாலிபர்கள் வெள்ளைக்காரரை எதிர்பார்க்காமல், தங்கள் கைப்பணத்தைப் போட்டு, கடல் தாண்டி நம்முடைய கரைக்கே ஊழியரை அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அது அவர் இருதயத்தைக் குத்தியது. திருநெல்வேலிச் சபையில் எத்தனை தலைமுறையாகச் சுவிசேஷம் கேட்டிருக்கிறோம், நாம் யாரை எங்கே அனுப்பினோம்? அந்தப் பாரத்தோடு திரும்பி வந்து ஜெபித்ததின் பலன், 1903 பிப்ரவரி 12-ல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் உருவானது. இந்திய ஆட்கள், இந்தியப் பணம், இந்திய நிர்வாகம் என்பது அதன் தீர்மானம். வேலை செய்யத் தெரிந்தெடுத்த இடம் அன்றைக்கு நிஜாம் சமஸ்தானத்தில் இருந்த டோர்னக்கல். (சென்னையிலிருந்து டெல்லிக்கு ரயிலில் போயிருந்தால் விஜயவாடா தாண்டி அந்த ஸ்டேஷனை நீங்களும் கடந்திருப்பீர்கள். இப்போது தெலங்கானாவில் இருக்கிறது.) 1904-ல் முதல் மிஷனெரியாக சாமுவேல் பாக்கியநாதன் அங்கே போனார். 1905 கிறிஸ்மஸ் நாளில் செராம்பூரில் தேசிய மிஷனெரி சங்கமும் தொடங்கப்பட்டது. அதிலும் அசரியாதான் காரியதரிசி.

ஆக, அவர் அனுப்புகிறவர். மேடையில் நின்று, வாலிபரே புறப்பட்டுப் போங்கள் என்று அழைக்கிறவர். மற்றவர்கள் போகிறவர்கள். இதிலே தப்பு என்ன இருக்கிறது? அனுப்புகிறதும் ஊழியம்தானே? மனுஷருடைய பார்வையில் தப்பே இல்லை. ஆனால் உபாகமம் 32-ல் சொல்லப்பட்ட கழுகைப் போல கர்த்தர் அவர் கூட்டைக் கலைக்க ஆரம்பித்தார். பிறரைப் போகச் சொல்லுகிற நான் ஏன் போகவில்லை என்ற கேள்வி அவரை விடவே இல்லை.

இந்த இடத்தில் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். ஏன் என்று சொல்லிவிடுகிறேன். நம்ம திருவேற்காடு சபையில் ஏழு வருஷமாக வாலிபர் கூட்டத்தை நடத்துகிறேன். சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு கித்தார், கீபோர்டு, நல்ல ஆராதனை, கண்ணீரோடு ஜெபம். வட இந்தியாவுக்காக அழுது ஜெபித்திருக்கிறோம். போன மாதம் கூட்டம் முடிந்து செருப்பு மாட்டும்போது ஒரு தம்பி என்னிடம் வந்து, அயனம்பாக்கம் பக்கம் ஷெட்டிலே தங்கி வேலை பார்க்கிற பீகார், ஒடிசா பையன்கள் அத்தனை பேர் இருக்காங்களே, நாம ஒரு நாளாவது போய்ப் பார்த்தோமா என்று கேட்டான். எனக்கு ஹிந்தி வராதே தம்பி என்றேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை, சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

அசரியாவுக்கும் தெலுங்கு வராது. 1909-ல் அவருக்கு வயது 35. ஒய்.எம்.சி.ஏ. வேலையை ராஜினாமா செய்தார். மெட்ராஸ் பிஷப் ஒயிட்ஹெட் அவரை உற்சாகப்படுத்தினார். அந்த வருஷமே குருப்பட்டம் பெற்று, மனைவி பிள்ளைகளோடு டோர்னக்கல் போய்ச் சேர்ந்தார். நேற்றுவரை ஆயிரம் பேருக்கு முன் சரளமாகப் பேசினவர், சின்னப் பிள்ளை மாதிரி அ, ஆ என்று எழுத்துக் கூட்டிப் படித்தார். தப்பாகப் பேசியிருப்பார், கேட்டவர்கள் சிரித்திருப்பார்கள். வாலிபர் தலைவனுக்கு வறுமையைவிடக் கஷ்டமானது இதுதான் என்பது என் எண்ணம். நம்மைப் பெரியவனாகப் பார்த்துப் பழகினவர்களை விட்டு, நாம் ஒன்றுமே தெரியாதவனாய் நிற்கிற இடத்துக்குப் போகிறது.

அவர் போனது யாரிடத்துக்கு? ஊர்த் தெருவில் நடக்கவும் விடாமல் ஒதுக்கப்பட்டிருந்த மாலா, மாதிகா ஜனங்களிடத்துக்கு. மாட்டு வண்டியில் கிராமம் கிராமமாய்ப் போனார். அழுக்கு, நோய், கடன், குடி இந்த நான்கையும் பிசாசுகள் என்றே சொல்லி எதிர்த்தார். ஞானஸ்நானம் எடுக்கிற ஒவ்வொருவரையும் தங்கள் கையைத் தங்கள் தலையிலேயே வைக்கச் செய்து, 1 கொரிந்தியர் 9-ல் பவுல் சொல்லுகிறபடி சுவிசேஷத்தை அறிவிக்காமல் போனால் எனக்கு ஐயோ என்று பொருத்தனை பண்ண வைத்தார். பிரசங்கிக்கப் படித்த ஆள் வேண்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. நேற்று இரட்சிக்கப்பட்ட கூலிக்காரர்தான் பக்கத்து ஊருக்குச் சாட்சி.

1910-ல் ஸ்காட்லாந்து தேசத்து எடின்பரோவில் உலக மிஷனெரி மாநாடு. மேல்நாட்டார் நிரம்பியிருந்த சபையில் இந்த மனுஷன் எழுந்து நின்றார். நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தால் கைதட்டியிருப்பார்கள். அவரோ, மிஷனெரிகளுடைய தியாகத்தை நன்றியோடு சொல்லிவிட்டு, எங்களோடு ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடாத அன்பு என்ன அன்பு, எங்களுக்குத் தேவை நண்பர்கள் என்கிற கருத்தில் பேசினார். சபை அதிர்ந்தது. சிலருக்குக் கோபமும் வந்தது. வெள்ளைக்காரன் ஆண்ட காலம் அது, மறந்துவிடாதீர்கள்.

1912 டிசம்பர் 29-ல் கல்கத்தா பேராலயத்தில் டோர்னக்கல் அத்தியட்சராக அபிஷேகம் பண்ணப்பட்டார். ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்திய பிஷப். வயது 38. மிஷனெரிமாரில் சிலர் எதிர்த்தார்கள். நம்ம ஜனங்களிலேயே, நாடார் சமூகத்தில் பிறந்தவர் என்பதற்காகச் சிலர் எதிர்த்தார்கள். அதைச் சொல்லாமல் விட்டால் சரித்திரம் பொய்யாகிவிடும். இன்றைக்கும் சபைக்குள்ளே அந்த நோய் இல்லையா?

பிஷப் ஆனபின்பும் பட்டணத்துக்குக் குடிபோகவில்லை. 32 வருஷம் அந்தக் கிராமத்து ஜனங்களோடுதான். அவர் காலத்தின் கடைசியில் அந்த அத்தியட்சாதீனத்தில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட விசுவாசிகள் இருந்தார்கள். 1939-ல் பிரதிஷ்டை செய்யப்பட்ட டோர்னக்கல் பேராலயத்தை, அந்த மண்ணின் கோயில், மசூதி சாயல் தெரியும்படியே கட்டினார். எனக்கு அதிலே கொஞ்சம் கருத்து வேறுபாடு உண்டு, ஆனால் கட்டினவருடைய மனசு புரிகிறது. சபைகள் ஒன்றாக வேண்டும் என்று 1919-ல் தரங்கம்பாடியில் கூடின காலம் முதல் உழைத்தார். தென்னிந்தியத் திருச்சபை 1947-ல் உருவானபோது அதைப் பார்க்க அவர் இல்லை. 1945 ஜனவரி 1-ம் தேதி கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். வெள்ளாளன்விளைக்குக் கொண்டுவரவில்லை, டோர்னக்கலிலேயே அடக்கம்பண்ணினார்கள்.

அந்தத் தம்பியிடம் போன வாரம் மன்னிப்புக் கேட்டேன். பாஸ்டர் ஐயாவிடமும் பேசிவிட்டேன். வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்ததும், மத்தியானம் மூன்று மணிக்கு நாங்கள் நாலு பேர் அயனம்பாக்கம் போகிறோம். துண்டுப்பிரதி, மைக் எதுவும் வேண்டாம், முதலில் அவர்கள் பெயரைத் தெரிந்துகொண்டு வருவோம் என்று பேசியிருக்கிறோம். எனக்கு ஹிந்தியில் இன்னும் பத்து வார்த்தைதான் தெரியும். உச்சரிப்பைக் கேட்டு என் சின்ன மகளே சிரிக்கிறாள். நம்ம சபையில் ஹிந்தி அல்லது ஒடியா பேசத் தெரிந்த தாய்மார் யாராவது இருந்தால், ஆராதனைக்குப் பின் படிக்கட்டுப் பக்கம் என்னைப் பாருங்கள். எங்களுக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள், முக்கியமாக எனக்காக. ஞாயிற்றுக்கிழமை நெருங்க நெருங்க எனக்கு உள்ளுக்குள்ளே பயமாகத்தான் இருக்கிறது.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் சகோதரன்,
வாலிபர் ஐக்கியம், திருவேற்காடு