சம்பளத்தை மாணவர்களுக்கே திருப்பித் தந்த வேதியியல் பேராசிரியர்

2024 டிசம்பர் முதல் தேதியன்று ஃபெஞ்சல் புயல் மழையில் திருவண்ணாமலை மலையடிவாரத்தில் மண் சரிந்து ஒரு வீடு புதைந்தது. ஏழு பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் குழந்தைகள். அதே மழையில் சாத்தனூர் அணை நிரம்பித் திறந்துவிடப்பட, தென்பெண்ணைக் கரையோர ஊர்கள் எல்லாம் நீரில் மிதந்தன. அந்த நாட்களில் நாம் பார்த்த காட்சி நினைவிருக்கும். கல்லூரிப் பிள்ளைகள் லாரியில் அரிசி மூட்டை ஏற்றுகிறார்கள். பள்ளிவாசல் முற்றத்தில் போர்வைகள் அடுக்கப்படுகின்றன. யாரோ ஒரு வாத்தியார் நோட்டுப் புத்தகத்தில் வரவு, செலவு எழுதிக்கொண்டிருக்கிறார்.

அந்த வாத்தியாரைப் போல, நூறு ஆண்டுகளுக்கு முன் வங்காளத்தில் ஒரு வேதியியல் பேராசிரியர் இருந்தார். ஆய்வுக்கூடத்தையே நிவாரண அலுவலகமாக மாற்றியவர். பெயர் பிரபுல்ல சந்திர ராய். மக்கள் அவரை ஆச்சார்யா என்று அழைத்தார்கள். நம் பாடப்புத்தகங்களில் அவர் பெயர் வந்தால் ஒரு வரியோடு முடிந்துவிடும்.

1861 ஆகஸ்ட் 2ஆம் தேதி அன்றைய ஜெசூர் மாவட்டத்தில் ராருளி என்ற கிராமத்தில் பிறந்தார். இன்று அது வங்கதேசத்தின் குல்னா மாவட்டத்தில் இருக்கிறது. தந்தை ஹரிஷ் சந்திரர் நிலக்கிழார், பாரசீக மொழி நன்கு கற்றவர். பெண் குழந்தைகளைப் படிக்க வைப்பதே பாவம் என்று கருதப்பட்ட காலத்தில் கிராமத்தில் அவர்களுக்கென்று பள்ளி நடத்தியவர். பிள்ளைகளின் படிப்புக்காகக் குடும்பம் கல்கத்தாவுக்குக் குடிபெயர்ந்தது. அங்கே சிறுவனுக்குக் கடுமையான சீதபேதி. பள்ளி நின்றது. கிராமத்துக்குத் திரும்பிய அவன், அப்பாவின் நூலகத்தில் கிடைத்ததையெல்லாம் வாசித்தான். அந்த வயிற்றுக்கோளாறு ஆயுள் முழுக்க அவரை விடவில்லை. நோஞ்சான் உடம்பு, அளவுச் சாப்பாடு, சீக்கிரத் தூக்கம் என்று ஒரு கட்டுப்பாட்டுக்குள்ளேயே 82 வயது வரை வாழ்ந்தார்.

1882இல் கில்கிறிஸ்ட் உதவித்தொகை பெற்று எடின்பரோ பல்கலைக்கழகம் சென்றார். அங்கே படிக்கும்போதே 1857 கிளர்ச்சிக்கு முன்னும் பின்னும் இந்தியாவின் நிலை என்ன என்று ஒரு கட்டுரைப் போட்டி வந்தது. வெள்ளையர் ஆட்சியை வெளிப்படையாக விமர்சித்து எழுதினார். பரிசு கிடைக்கவில்லை, ஆனால் பேசப்பட்டது. 1887இல் டாக்டர் பட்டம்.

இத்தனை படித்துவிட்டு 1888இல் ஊர் திரும்பியவருக்கு ஓராண்டு வேலை இல்லை. கல்வித்துறையின் உயர்பணி வெள்ளையர்களுக்கு, இந்தியர்களுக்கு அதைவிடக் குறைந்த மாகாணப் பணி என்பதுதான் அன்றைய ஏற்பாடு. கடைசியில் 1889இல் பிரசிடென்சி கல்லூரியில் மாதம் 250 ரூபாய் சம்பளத்தில் உதவிப் பேராசிரியர் பணி கிடைத்தது. அதே பட்டம் வாங்கிய ஆங்கிலேயருக்கு இதைவிட அதிகம். அவர் இதைக் கேட்காமல் இருக்கவில்லை; கல்வித்துறைத் தலைவரிடமே போய் முறையிட்டார். கிடைத்தது ஏளனம்தான். ஆனாலும் வகுப்புக்குள் அந்தக் கசப்பைக் கொண்டு போகவில்லை. மேல் வகுப்புகளுக்கு மட்டும் பாடம் எடுப்பதே மரியாதை என்று மூத்த பேராசிரியர்கள் கருதியபோது, இவர் கல்லூரிக்குப் புதிதாக வந்த பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பதையே விரும்பினார். பச்சை மண்ணைத்தான் வனைய முடியும் என்பது அவர் கணக்கு.

1892இல், சொந்தச் சேமிப்பு சுமார் 700 ரூபாயை வைத்து, தான் குடியிருந்த வாடகை வீட்டிலேயே மருந்து தயாரிக்கத் தொடங்கினார். பட்டம் வாங்கிய இளைஞர்கள் குமாஸ்தா வேலைக்கு வரிசையில் நிற்பது அவரை உறுத்தியது. வெளிநாட்டிலிருந்து இறக்குமதியாகும் மருந்தை இங்கேயே செய்தால் என்ன என்று யோசித்தார். பாஸ்பேட் உப்புக்கு எலும்பு வேண்டும். ராஜாபஜார் கசாப்புக் கடைகளிலிருந்து மூட்டை மூட்டையாக மாட்டெலும்பு வாங்கி மாடியில் காயப்போட்டார். மழை பெய்து எலும்பு நாறிப் புழு வைத்தது. காக்கைகள் கூடின. அக்கம்பக்கத்தார் சண்டைக்கு வந்துவிட்டார்கள். எலும்பை ஊருக்கு வெளியே கொண்டுபோய் இரவில் சூளை வைத்து எரித்தால், பிணத்தை எரிக்கிறார்களோ என்று போலீஸ் வந்து நின்றது! உயர்குடி இந்துக் குடும்பத்துப் பேராசிரியர் ஒருவர் கசாப்புக் கடை எலும்போடு புழங்கியது அந்தக் காலத்தில் சின்ன விஷயம் அல்ல. அவர் அதைப் பொருட்படுத்தியதாகவே தெரியவில்லை.

சிரிப்பாகத் தோன்றும் இந்தக் கதைக்குள் இரண்டு மரணங்களும் உண்டு. தொழிலில் தோள் கொடுத்த டாக்டர் அமூல்ய சரண் போஸ் 1898 பிளேக் நோயில் இறந்தார். இன்னொரு கூட்டாளியான இளம் வேதியியல் பட்டதாரி சதீஷ் சந்திர சின்ஹா ஆய்வுக்கூடத்தில் நச்சு அமிலத்தால் விபத்தில் இறந்தார். கடனும் கணக்கும் பேராசிரியர் தலையில் தனியாக விழுந்தன. பகலில் கல்லூரி, மாலையில் தொழிற்கூடம். 1901இல் அது பெங்கால் கெமிக்கல் என்ற முறையான நிறுவனமானது. இன்றும் மத்திய அரசு நிறுவனமாக இயங்குகிறது. நம் வீட்டு அலமாரியில் போடும் அந்துருண்டையும் தரை கழுவும் பினாயிலும் அங்கிருந்து வந்ததாக இருக்கலாம். கொரோனா காலத்தில் ஹைட்ராக்சிகுளோரோகுயின் மாத்திரைக்காக எல்லோரும் திடீரென்று நினைவுகூர்ந்ததும் இந்த நிறுவனத்தைத்தான்.

இதற்கிடையே ஆய்வும் நடந்தது. 1896இல் மெர்குரஸ் நைட்ரைட் என்ற சேர்மத்தை மஞ்சள் நிறப் படிகமாகப் பிரித்தெடுத்து அறிவியல் உலகின் கவனத்தைப் பெற்றார். 1902இலும் 1909இலும் இந்திய வேதியியலின் வரலாற்றை இரண்டு பாகங்களாக எழுதி வெளியிட்டார். தலைப்பில் இந்து வேதியியல் என்றிருந்தாலும், பாக்தாதில் அப்பாசிய கலீஃபாக்கள் காலத்தில் சரக, சுசுருத மருத்துவ நூல்கள் அரபியில் பெயர்க்கப்பட்ட செய்தியையும், அல்பீரூனி எழுதிவைத்த குறிப்புகளையும் அதில் எடுத்துப் பேசுகிறார். அறிவு ஒரு சமயத்தாரின் சொத்தல்ல என்பது அந்தப் பக்கங்களைப் புரட்டினாலே புரியும்.

1916இல் பிரசிடென்சியிலிருந்து ஓய்வு பெற்று, கல்கத்தா பல்கலைக்கழக அறிவியல் கல்லூரியில் பேராசிரியரானார். திருமணம் செய்துகொள்ளவில்லை. கல்லூரிக் கட்டடத்திலேயே ஓர் அறை, ஒரு கட்டில், புத்தகங்கள். வீட்டு வசதியில்லாத மாணவர்கள் சிலரும் அவரோடு தங்கினார்கள். 1921இல் 60 வயது நிறைந்தபோது, இனிமேல் தனக்கு வரவேண்டிய சம்பளம் முழுவதையும் வேதியியல் துறை வளர்ச்சிக்கும் மாணவர் ஆய்வுக்குமே செலவிடுங்கள் என்று பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். அதன்பின் 15 ஆண்டுகள், 1936இல் விலகும்வரை சம்பளமில்லாமலே வேலை பார்த்தார். ஓய்வூதியம் வந்த பிறகு சம்பளத்தை விட்டுக்கொடுப்பது எளிது என்று சிலர் நினைக்கலாம். எத்தனை பேர் செய்திருக்கிறோம்?

1921இல் சொந்த மாவட்டமான குல்னாவில் பஞ்சம். மாவட்ட நிர்வாகம் அதைப் பஞ்சம் என்று ஒப்புக்கொள்ளவே தயங்கியது. ராய் நேரில் இறங்கி நிதி திரட்டினார். அடுத்த ஆண்டு, 1922 செப்டம்பரில், வட வங்காளத்தில் பெருவெள்ளம். ராஜ்ஷாஹி, போக்ரா, பாப்னா மாவட்டங்கள் நீரில் மூழ்கின. பயிர், மாடு, வீடு மூன்றையும் இழந்தவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம் விவசாயிகள். கல்கத்தாவில் உருவான வங்காள நிவாரணக் குழுவுக்கு ராய் தலைவர். அறிவியல் கல்லூரிக் கட்டடமே தலைமையகம். சோதனைக் குழாய்கள் இருந்த இடத்தில் துணி மூட்டைகள் குவிந்தன. சாந்தாஹாரில் களப்பணியைப் பொறுப்பேற்று நடத்தியவர் அப்போது 25 வயது இளைஞரான சுபாஷ் சந்திர போஸ். பணமும் பொருளுமாகச் சுமார் 25 லட்சம் ரூபாய் மதிப்புக்குத் திரண்டது என்று பதிவாகியிருக்கிறது. அரசை நம்பாத மக்கள் இந்த மெலிந்த பேராசிரியரை நம்பிக் கொடுத்தார்கள். வெள்ளம் வடிந்த பிறகும் குழு கலையவில்லை. அறுவடைக்கு வழியில்லாத குடும்பங்களுக்கு ராட்டை கொடுத்து நூற்க வைத்து, கூலி கொடுத்தது.

ராட்டை விஷயத்தில் அவர் கொஞ்சம் அதிகமாகவே போய்விட்டார் என்பது என் எண்ணம். மருந்துத் தொழிற்சாலை கட்டிய மனிதர், நூல் நூற்காதவர்களைப் பொதுவில் கடிந்துகொண்டார். தாகூரும் அதில் தப்பவில்லை. 1925இல் தாகூர் அதற்குப் பதிலாக ஒரு நீண்ட கட்டுரையே எழுதினார். இருவரின் நட்பும் அதனால் முறியவில்லை.

அந்த வெள்ளம் இன்னொரு வேலையும் செய்தது. நிவாரணக் குழுவில் ஓடியாடியவர்களில் ஒருவர் ராயின் மாணவர் மேக்நாத் சாஹா, பின்னாளில் உலகப் புகழ்பெற்ற இயற்பியலாளர். போதிய நீர்வழி விடாமல் போடப்பட்ட ரயில்பாதைக் கரைகள் வெள்ளத்தைத் தேக்கி வைத்ததை அவர் கவனித்தார். ராயின் 70 வயது நிறைவுக்காக 1932இல் மாணவர்களும் நண்பர்களும் ஒரு மலர் வெளியிட்டபோது, சாஹா அதற்குக் கொடுத்தது நட்சத்திரங்கள் பற்றிய கட்டுரை அல்ல. வங்காளத்துக்கு ஒரு நீரியல் ஆய்வுக்கூடம் ஏன் வேண்டும் என்ற கட்டுரை. தாமோதர் பள்ளத்தாக்குத் திட்டம் வரை அந்தச் சிந்தனை நீண்டது.

அவரிடம் பயின்றவர்களின் பட்டியல் பெரிது. சத்யேந்திர நாத் போஸ், ஞான சந்திர கோஷ், நீல் ரத்தன் தர். நம் வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொரு பெயர் முஹம்மது குத்ரத்-இ-குதா. கல்கத்தா மதரஸாவில் படித்து வந்து, வேதியியலில் முதுகலைப் பட்டமும் பின்பு லண்டனில் டாக்டர் பட்டமும் பெற்றவர். பிரசிடென்சி கல்லூரியில் அதே வேதியியல் துறையில் ஆசிரியரானார், பிறகு கல்கத்தா இஸ்லாமியா கல்லூரியின் முதல்வரானார். சுதந்திர வங்கதேசத்தின் முதல் கல்விக் குழுவுக்குத் தலைமை தாங்கி 1974இல் அறிக்கை கொடுத்தவரும் அவரே. தாய்மொழியில் அறிவியல் என்பதை விடாமல் வலியுறுத்தியவர். ராயும் அதைத்தான் சொல்லிவந்தார்.

1943 பஞ்சத்தில் வங்காளத்தில் இலட்சக்கணக்கானோர் பட்டினியால் இறந்தார்கள். அப்போது ராய்க்கு 82 வயது, எழுந்து ஓட உடம்பில் தெம்பில்லை. அடுத்த ஆண்டு, 1944 ஜூன் 16ஆம் தேதி, அறிவியல் கல்லூரியில் தான் வாழ்ந்த அதே அறையில் காலமானார். மூன்று ஆண்டுகளில் நாடு பிரிந்தது. அவர் பிறந்த ஊர் ஒரு நாட்டிலும் பாடம் நடத்திய வகுப்பறை இன்னொரு நாட்டிலும் ஆயின. பாகேர்ஹாட்டில் 1918இல் அவர் முயற்சியில் தொடங்கிய கல்லூரி, வங்கதேசத்தில் இன்றும் அவர் பெயரிலேயே நடக்கிறது.