வீணையும் விரலும்: காரைக்குடி சாம்பசிவ ஐயர்

செட்டிநாடு என்றதும் நம் கண்முன் வந்து நிற்பவை எவை? அகன்ற வளவு கொண்ட வீடுகள், பர்மாத் தேக்கில் கடைந்த தூண்கள், ஆத்தங்குடித் தளக்கற்கள், கண்டாங்கிச் சேலைகள், நாவூறச் செய்யும் பலகாரங்கள். இவற்றை நாடு அறியும். ஆனால் இசையுலகில் காரைக்குடி என்று சொன்னால் அறிந்தோர் நெஞ்சில் எழுவது வீடும் அன்று, விருந்தும் அன்று. வீணையின் நாதமே ஆகும். ஊரின் பெயரையும் கருவியின் பெயரையும் பிரிக்க முடியாதபடி பிணைத்தவர்கள், காரைக்குடி சகோதரர்கள் எனப் போற்றப்பெற்ற சுப்பராம ஐயரும் சாம்பசிவ ஐயரும் ஆவர். அவ்விருவருள் இளையவரான சாம்பசிவ ஐயரின் வாழ்வை என்னால் இயன்ற அளவில் இங்குக் கூற விழைகிறேன்.

குடியும் பிறப்பும்

புதுக்கோட்டையை அடுத்த திருக்கோகர்ணத்தில் 1888ஆம் ஆண்டு சாம்பசிவ ஐயர் பிறந்தார். தந்தையார் சுப்பையா ஐயர் வீணை வித்துவான். பல தலைமுறைகளாக வீணையே அக்குடும்பத்தின் தொழிலாகவும் தவமாகவும் இருந்து வந்தது. தமையனார் சுப்பராம ஐயர் 1883இல் பிறந்தவர். உடன்பிறந்தார் இருவருக்கும் தந்தையே குரு, வீடே பள்ளி.

பின்னர் அவர்கள் காரைக்குடியில் குடியேறினர். அந்நாளில் பர்மா, மலேயா, இலங்கை ஆகிய நாடுகளில் வாணிகம் செய்து பொருளீட்டிய நகரத்தார், ஈட்டியதில் ஒரு பகுதியைக் கோயிலுக்கும் கல்விக்கும் கலைக்கும் வழங்கினர். திருமணமோ திருக்குட முழுக்கோ எதுவாயினும் நல்ல கச்சேரி இல்லாமல் நிறைவு பெறாது. அத்தகைய ஊர் இவர்களை ஆதரித்தது. இவர்களோ அவ்வூரின் பெயரையே தம் பெயராக ஏற்று, அதனைச் சங்கீத உலகம் முழுவதும் கொண்டு சென்றனர்.

இரு வீணைகள்

மேடையில் அவர்கள் அமர்ந்திருக்கும் கோலமே தனித்தன்மை உடையது. வீணையைக் கிடையாகப் படுக்க வைத்து வாசிப்பதே நாம் அறிந்த வழக்கம். சாம்பசிவ ஐயர் அவ்வாறே வாசித்தார். சுப்பராம ஐயரோ தண்டி மேல்நோக்கி இருக்கும்படி வீணையை நிமிர்த்திப் பிடித்து வாசித்தார். பழைய நிழற்படங்களில் ஒரு வீணை நின்றும் ஒரு வீணை கிடந்தும் காட்சியளிப்பதை இன்றும் காணலாம். அருகில் மிருதங்கத்துடன் புதுக்கோட்டை தட்சிணாமூர்த்திப் பிள்ளை வீற்றிருப்பார். தானம் வாசிக்கும்போது அதற்கு மிருதங்கமும் உடன் ஒலிப்பது காரைக்குடி வழியின் சிறப்புகளுள் ஒன்று. பிடிப்பு இரு விதமாயினும் நாதம் ஒன்றாகவே இருந்தது. ஒருவர் மற்றவரை மிஞ்ச நினையாமல் இரு வீணைகளை இணைத்து வாசிப்பது எளிதான செயல் அன்று.

மரம் வீணையாகும் விதம்

இங்கே வீணையைப் பற்றிச் சிறிது சொல்லியாக வேண்டும். நான் தச்சர் குடும்பத்தில் பிறந்தவன். என் தந்தையார் நிலைக்கதவு செய்பவர். ஆகவே சென்ற ஆண்டு வகுப்புத் தோழர்களுடன் தஞ்சை சென்றபோது, எல்லாரும் பெரிய கோயிலில் நெடுநேரம் தங்க, நான் ஒரு வீணைப் பட்டறையின் வாயிலில் நின்றுவிட்டேன்.

வீணைக்கு உரிய மரம் பலா. பண்ணுருட்டிப் பக்கத்திலிருந்து முற்றிய பலாமரம் வருகிறது. அதை அறுத்து, குடைந்து, குடம் செய்கிறார்கள். தண்டியும் யாளி முகமும் பிறகு உருப்பெறுகின்றன. தனித்தனியே செய்து ஒட்டினால் அது ஒட்டு வீணை; ஒரே மரத்தில் முழுவதையும் குடைந்தால் அது ஏகாண்ட வீணை. தண்டியின் மேற்புறத்தில் சுரைக்குடுக்கை பொருந்துகிறது. நான்கு தந்திகள் வாசிப்பதற்கு; மூன்று தந்திகள் பக்கத்தில் தாளத்திற்கு. குடத்தைத் தட்டிப் பார்த்து, ஒலி கேட்டு, மீண்டும் சிறிது சீவி, மறுபடி தட்டிப் பார்த்த அந்தக் கைவினைஞரின் முகத்தை நான் மறக்கவில்லை. என் தந்தையார் கதவுக்கு மட்டம் பார்ப்பது கண்ணால். இவர் மட்டம் பார்ப்பது காதால்!

எல்லாவற்றிலும் நுட்பமானது மேளம் கட்டுதல். தேன்மெழுகுடன் கரித்தூள் கலந்து தண்டியின் இருபுறமும் வரப்புப் போல் வைத்து, அதன்மேல் 24 மெட்டுகளைப் பதிக்கிறார்கள். ஒரு மெட்டு மயிரிழை நகர்ந்தாலும் சுரம் கெட்டுவிடும். வெயிலில் மெழுகு இளகும். நாளடைவில் மெட்டு தேயும். ஆகவே காலம் தோறும் மேளம் புதிதாகக் கட்ட வேண்டும். செய்தவரின் செவியும் வாசிப்பவரின் செவியும் ஒன்றுபட்டால்தான் வீணை பேசும். 17ஆம் நூற்றாண்டில் தஞ்சை இரகுநாத நாயக்கர் காலத்தில் இந்த 24 மெட்டு அமைப்பு நிலைபெற்றதாகக் கூறுவர். தஞ்சை வீணைக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்துள்ளது.

கடல் கடந்த ஓர் ஒப்புமை

இன்று நம் மாணவர் பலர் கிதார் விரும்புகின்றனர். அதில் தவறில்லை. அக்கருவியின் வரலாற்றிலும் இதே செய்தி உண்டு. மேலைநாட்டில் தாழ்ந்த சுரங்களை இசைக்க ஆள் உயரத்தில் நிமிர்ந்து நிற்கும், மெட்டுகளற்ற பெரிய வயலின் போன்ற கருவியே நெடுங்காலம் பயன்பட்டது. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் வானொலிப் பெட்டிகளைப் பழுது பார்த்து வந்த லியோ ஃபெண்டர் என்பவர், 1951இல் மெட்டுகள் பதித்து, தோளில் மாட்டிக் கிடையாக வாசிக்கும் பேஸ் கிதாரை வெளியிட்டார். மெட்டினால் சுரம் துல்லியமாக விழும் என்பதால் துல்லியம் என்ற பொருள்படும் பிரிசிஷன் என்பதையே அதற்குப் பெயராக இட்டார். வியப்பு என்னவெனில், ஃபெண்டருக்குக் கிதார் வாசிக்கத் தெரியாது. இன்று சிறு பட்டறைகளில் தனியொருவராக அமர்ந்து, வாசிப்பவரின் கையளவுக்கு ஏற்ப ஒவ்வொரு பேஸ் கிதாராகச் செய்து தருவோரும் உலகெங்கும் உள்ளனர். எந்த நாடாயினும் கருவி செய்யும் கை வேறு, வாசிக்கும் கை வேறு. இரண்டும் சேர்ந்தே இசை பிறக்கிறது.

தனி வீணை

1930களில் தமையனார் சுப்பராம ஐயர் மறைந்தார். சிறு வயது முதல் இணைந்தே ஒலித்த இரு வீணைகளில் ஒன்று ஓய்ந்தது. இரட்டையராகப் புகழ்பெற்றவருக்கு இதைவிடப் பெரிய சோதனை உண்டோ? மேடையில் பக்கத்து இடம் வெறுமையாக இருக்கும். கேட்போர் நினைவில் பழைய இணையொலி நிற்கும். அந்நிலையிலும் சாம்பசிவ ஐயர் வீணையை உறையிட்டு மூடவில்லை. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் தனியே வாசித்தார். அந்த வழியைத் தாமே சுமந்தார்.

அவர் உழைப்பை நாடு மறக்கவில்லை. 1952இல் சென்னை மியூசிக் அகாதெமி அவருக்குச் சங்கீத கலாநிதி என்னும் பட்டத்தை அளித்தது. அதே 1952க்குரிய சங்கீத நாடக அகாதெமி விருதும் அவரை அடைந்தது. அவ்விருது வழங்கப்பெற்ற முதல் ஆண்டு அது. கருநாடக வாய்ப்பாட்டுக்கு விருது பெற்றவர் அரியக்குடி இராமானுஜ ஐயங்கார். அரியக்குடி காரைக்குடிக்குப் பக்கத்து ஊர்தானே! இந்தியப் பெருநாட்டில் தென்னிசைக்கு அளிக்கப்பெற்ற முதல் இரு விருதுகளும் நம் மாவட்டத்தின் இரு ஊர்ப் பெயர்களைத் தாங்கி நின்றன என்பது நாம் நெஞ்சு நிமிர்த்திச் சொல்லத்தக்க செய்தியாகும்.

ஆசிரியராக

விருதினும் மேலாக அவர் விட்டுச் சென்றது மாணவர் வரிசை. வீட்டிலேயே தங்கிப் பயிலும் குருகுல முறையில் கண்டிப்புடன் கற்பித்தார். வைகறைச் சாதகம், ஒரே பாடத்தை விரல் தானாக அறியும் வரை திரும்பத் திரும்ப வாசித்தல் என்பவை அம்முறையின் இயல்பு. சிறுமியாக அவரிடம் வந்து சேர்ந்த ரங்கநாயகி ராஜகோபாலன் பின்னாளில் அந்த வழியின் பெரும் வீணைக் கலைஞராக விளங்கி 2018இல் மறைந்தார். தமையனாரின் பேர்த்தி ராஜேஸ்வரி பத்மநாபனும் அவரிடம் பயின்று புகழ் பெற்றார். இறுதிக் காலத்தில் ருக்மிணி தேவியின் கலாக்ஷேத்திராவில் வீணை கற்பித்தார். 1958இல் இயற்கை எய்தினார். அவர் வாசிப்பின் ஒலிப்பதிவுகள் சில இன்றும் கிடைக்கின்றன. நான் கேட்டேன். ஒவ்வொரு மீட்டும் தனித்தனியே, தெளிவாக, அவசரமின்றி விழுகிறது.

நாம் செய்ய வேண்டுவது

மாணவத் தோழர்களே! சாம்பசிவ ஐயரின் பெயர் நிலைத்தது. அவர் மடியில் கிடந்த வீணையைக் குடைந்த தச்சரின் பெயரை நம்மில் யார் அறிவர்? நம் மாவட்டத்து மானாமதுரையில் மண் பிசைந்து, தட்டித் தட்டிச் சுருதி கண்டு கடம் செய்யும் வேளார் பெருமக்களின் நிலையும் இதுவே. கடம் வாசிப்போரைக் கை தட்டிப் போற்றுகிறோம், வனைந்தவரை விசாரிப்பதில்லை. வாசித்தவரின் புகழைக் குறைத்து இதைச் சொல்லவில்லை. மரத்திற்கு உயிர் தந்தவர் அவர்; அவருக்கு மரத்தைத் தந்தவர் இவர். கருவி செய்வோர் இல்லையேல் வரும் தலைமுறையின் சாம்பசிவ ஐயர் எதை மீட்டுவார்?

ஆகவே அடுத்த முறை கச்சேரி கேட்கச் செல்லும்போது, வாசித்தவர் பெயரோடு கருவியைச் செய்தவர் பெயரையும் கேட்டு அறிவோம். அறிந்ததை எழுதி வைப்போம். காரைக்குடியின் பெயரை நாதத்தில் எழுதிய அப்பெரியாருக்கு நாம் செலுத்தும் நன்றி அதுவே ஆகும்.