இராமானுஜன் பெற்ற உதவிச் சம்பளம்

காரைக்காலில் கடலொடு கலக்கும் அரசலாறு, குடந்தை நகரின் தென்பால் தவழ்ந்து வருவது. அவ்வாற்றுக்கும் காவிரிக்கும் இடையே அமைந்த குடந்தையில் வளர்ந்து, உலகம் போற்றும் கணித மேதையாய் விளங்கியவர் சீனிவாச இராமானுஜன் ஆவார். அவர் 1887ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 22ஆம் நாள் ஈரோட்டில் பிறந்தார். தந்தையார் சீனிவாச ஐயங்கார் துணிக்கடையொன்றிற் கணக்கெழுதி வந்தார், அன்னையார் கோமளத்தம்மாள்.

பள்ளிப் பருவத்திலேயே கணிதத்தில் ஒப்பாரின்றி விளங்கிய இராமானுஜன், 1904இல் உதவிச் சம்பளம் பெற்றுக் குடந்தை அரசினர் கல்லூரியிற் சேர்ந்தார். ஆயினும், கணிதம் ஒழிந்த பிற பாடங்களில் அவர் உள்ளம் செல்லவில்லை. அதனால் அவ்வுதவியை இழந்தார். பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிற் பயின்றும் தேர்வில் வெற்றி பெற்றாரல்லர். பட்டம் பெறும் வாயில் அடைபட்டது. அவர்தம் எழுதுகோலோ ஓயவில்லை. தாம் கண்ட கணித உண்மைகளைக் குறிப்பேடுகளில் எழுதி நிரப்பினார். 1912 மார்ச்சில், சென்னைத் துறைமுக அலுவலகத்தில் திங்கள் 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தராய் அமர்ந்தார்.

1913 ஜனவரியில், கேம்பிரிட்ஜ்ப் பேராசிரியர் ஹார்டிக்குத் தம் முடிவுகள் சிலவற்றை எழுதி விடுத்தார். ஹார்டி அவற்றின் அருமையுணர்ந்து விடை எழுதினார். பிப்ரவரியில் சென்னைக்கு வந்த வானிலை ஆய்வுத் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கர், குறிப்பேட்டைக் கண்டு வியந்தார். வாக்கர் தாமே கணிதம் வல்லவர். அவர், இராமானுஜன் பிழைப்புக் கவலையின்றிச் சில ஆண்டுகள் ஆராய்வதற்கு உதவுமாறு சென்னைப் பல்கலைக்கழகத்திற்கு எழுதினார். மார்ச் 19ஆம் நாள் கூடிய கணிதப் பாடக்குழு, திங்கள்தோறும் 75 ரூபாயாக ஈராண்டு உதவிச் சம்பளம் வழங்கப் பரிந்துரைத்தது.

ஆயின், இடையே ஓர் இடர் எழுந்தது. முதுகலைப் பட்டம் பெற்றோர்க்கே அவ்வுதவி உரியது என்பது விதி. இராமானுஜனோ இளங்கலைப் பட்டமும் இல்லாதவர். அவ்விதியும் இகழ்தற்குரியதன்று, தகுதியற்றோர் தயவினாற் பரிசு பெறாவண்ணம் காக்கும் வேலி அது. ஏப்ரல் 7ஆம் நாள் ஆட்சிக்குழு இதனை ஆராய்ந்தது. ஆராய்ச்சியை வளர்ப்பதும் பல்கலைக்கழகத்தின் நோக்கங்களுள் ஒன்றெனச் சட்டமே கூறுவதைத் துணைவேந்தர் எடுத்துக்காட்டினார். அறிஞர் பலர் ஆய்ந்து சான்று பகர்ந்திருந்தமையால், குழுவினர் உதவியை வழங்க இசைந்தனர். மே 1ஆம் நாள் முதல் இராமானுஜன் ஆராய்ச்சி மாணவரானார்.

மூன்று திங்களுக்கு ஒருமுறை ஆய்வறிக்கை அளித்தல் வேண்டும் என்பது நிபந்தனை. அவரும் அவ்வாறே மூன்று அறிக்கைகள் அளித்தார். பின்னர், பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுன் அளிக்க, 1914 மார்ச் 17இல் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். 1916இல் ஆராய்ச்சிக்காகக் கேம்பிரிட்ஜ்ப் பட்டமும், 1918இல் இலண்டன் இராயல் கழகத்தின் உறுப்பினர் சிறப்பும் அவரை அடைந்தன. 1919இல் தாயகம் திரும்புமுன், தமக்கெனப் பல்கலைக்கழகம் ஒதுக்கிய தொகையில் தம் பெற்றோர்க்குரியது போக எஞ்சியதை, ஏழைச் சிறுவர் கல்விக்குச் செலவிடுமாறு எழுதினார். 1920 ஏப்ரல் 26ஆம் நாள், தம் முப்பத்திரண்டாம் வயதில் சென்னையில் மறைந்தார்.

குடந்தையில் இன்று சாஸ்திரா பல்கலைக்கழகம், முப்பத்திரண்டு வயதிற்கு மேற்படாத கணித அறிஞர்க்கு 2005 முதல் இராமானுஜன் பெயராற் பரிசு வழங்கி வருகின்றது. பட்டம் புலமைக்குச் சான்று. ஆயினும் சான்றே புலமை ஆகாது. ஒருவர் செய்த பணியை, அப்பணியறிந்தோர் நடுநிலையில் ஆராய்ந்து தேர்தலே பரிசுக்குப் பெருமை தருவதாகும்.