காமராஜரும் ஏழையின் விளக்கும்

சென்னைத் தியாகராய நகரில் திருமலைப்பிள்ளைச் சாலை வழியே செல்வோர், காமராஜர் வாழ்ந்த இல்லத்தைக் கண்டிருப்பர். இன்று நினைவில்லமாக விளங்கும் அவ்வீடு அன்னாருக்குச் சொந்தமான வீடன்று. அவர் வாடகைக்கு இருந்த வீடு. ஒன்பதாண்டுகட்கு மேல் முதலமைச்சராயிருந்த ஒருவர் தமக்கென ஒரு கூரை தேடிக்கொள்ளாமலே மறைந்தார் என்பது யாவரும் அறிந்த செய்தி. சூரிய ஒளியினின்று எடுக்கும் மின்சாரத்தை ஏழைக் குடும்பங்கட்கு எட்டச் செய்வது எவ்வாறு என்று ஆராயும் இந்நாளில், அன்னாரது சரித்திரத்தை அந்நோக்கோடு ஒருமுறை படித்தல் நலம் என்பது எம் கருத்து. காரணம் போகப்போக விளங்கும்.

காமராஜர் 1903-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 15-ஆம் நாள் விருதுநகரிற் பிறந்தார். தந்தையார் குமாரசாமி நாடார் தேங்காய் வாணிகர். தாயார் சிவகாமி அம்மையார். பிள்ளை படித்த க்ஷத்திரிய வித்தியாசாலை பிடியரிசியால் வளர்ந்த பள்ளிக்கூடம். அதாவது, அவ்வூர்ப் பெண்டிர் உலையிலிடும்பொழுது ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்துவைப்பர். வீடுதோறும் சேர்ந்த அவ்வரிசியின் விலையே பள்ளிக்கு முதலாயிற்று. மொத்தமாகக் கொடுக்க இயலாதவரும் பிடியளவிற் கொடுத்து ஒரு பெருங்காரியத்தை நடத்தலாம் என்பதை அச்சிறுவர் ஏட்டிற் படிக்கவில்லை, கண்ணாற் கண்டார். தந்தையார் இளமையிலேயே இறந்துபடவே, தாயார் நகைகளை விற்றுக் குடும்பத்தை நடத்தினார். ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றது. தாய்மாமனின் துணிக்கடையிற் சிலகாலம் இருந்தார்.

பின்னர் நேர்ந்த அரசியல் வாழ்க்கையை ஈண்டு விரித்தல் வேண்டா. 1930-இல் வேதாரணியத்து உப்புச் சத்தியாக்கிரகத்திற் சேர்ந்து சிறை சென்றது முதல், பலமுறையாக ஏறக்குறைய ஒன்பதாண்டுகள் சிறையிற் கழித்தார். 1940-இல் மாகாணக் காங்கிரஸ் தலைவரானார். 1954 ஏப்ரலில் முதலமைச்சர் பதவியேற்றார்.

அப்பொழுது இராச்சியத்தில் மின்சாரம் இல்லாமலில்லை. பைக்காரா நிலையம் 1932-இலும், மேட்டூர் 1937-இலும், பாபநாசம் 1944-இலும் இயங்கத் தொடங்கியிருந்தன. எனினும் எண்ணற்ற கிராமங்களில் மண்ணெண்ணெய் விளக்கே துணை. காமராஜர் ஆட்சியில், 1957-இல் மின்சார வாரியம் அமைந்தது. கானடா நாட்டின் உதவியோடு குந்தா நீர்மின் திட்டம் எழுந்தது. பெரியாற்று நீரினின்றும் மின்சாரம் பிறந்தது. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி தோண்டப்பெற்று, 1962-இல் அனல் நிலையம் இயங்கலாயிற்று. கம்பங்கள் வயல்வெளி வழியே நடந்து சென்றன. கிணற்றடியில் மின் இறைவை வந்தது. கமலை மாடுகட்கு ஓய்வு கிட்டிற்று. கிராமங்கட்கு மின்சாரம் அளிப்பதில் இவ்விராச்சியம் இந்தியாவின் முன்னணியில் நின்றது அக்காலத்திலேயாம்.

ஆயினும் உள்ளதை உள்ளவாறு கூறவேண்டும். கம்பம் தெருவுக்கு வந்தது. விளக்கு குடிசைக்கு வரவில்லை. வீட்டினுள்ளே கம்பியிழுக்கும் செலவும், இணைப்புக்குரிய வைப்புத்தொகையும் கூலியாளின் கைக்கு எட்டாதவை. கிணறுடையார் முதலிற் பயன்பெற்றனர், கிணறில்லாதார் காத்திருந்தனர். குடிசைக்கு ஒரு விளக்கு இலவசமாக எரியும் ஏற்பாடு வந்தது காமராஜர் மறைந்த பின்னரே.

கல்வித்துறையில் இத்தகைய இடர்ப்பாட்டை அவர் நன்கு கண்டுகொண்டிருந்தார். பள்ளி திறந்திருந்தும் பசித்த பிள்ளை வாராது என்றறிந்து, 1956-இல் ஊராரின் நன்கொடையைக் கொண்டே மதிய உணவைத் தொடங்கச் செய்தார். பின்னர் அரசாங்கமும் செலவிற் பங்கேற்றது. சம்பளமில்லாக் கல்வியை விரிவாக்கினார்; சீருடைக்கும் ஊராரே முன்வந்தனர். விருதுநகரின் பிடியரிசி அங்ஙனம் நாடெங்கும் பரவிற்று. பள்ளி வாயிலில் நின்ற சிறு செலவைக் கண்டவர், விளக்கின் வாயிலில் நின்ற சிறு செலவையும் கண்டு நீக்கியிருப்பின் நன்றாயிருந்திருக்கும். குறை கூறுதல் எம் நோக்கமன்று. மின்சாரமே போதாத காலம் அது.

நிற்க. சூரிய ஒளிக்கு விலையில்லை என்று பலர் மகிழ்ந்து பேசுகின்றனர். ஒளிக்கு விலையில்லைதான், அதனைப் பிடிக்கும் தகட்டிற்கு உண்டு, அதுவும் முன்னதாகவே. 2011-இல் அறிவிக்கப்பெற்ற தமிழ்நாட்டுப் பசுமை வீடுகள் திட்டம் இதனை ஓரளவு உணர்ந்தது. ஊராட்சிகளில் வறியோர்க்கு 300 சதுர அடியில் வீடு கட்டித்தந்து, சூரிய ஒளியால் எரியும் ஐந்து விளக்குகளையும் அரசே பொருத்தியது. 2024-இல் மத்திய அரசு தொடங்கிய ஒரு கோடி வீடுகளுக்கான திட்டமோ, கூரைத் தகட்டிற்கு 78,000 ரூபாய் வரை மானியம் அளிக்கின்றது. ஆனால் தகடு பொருத்திய பின்னரே அது கைக்கு வரும். கடன் வசதி உண்டெனினும், கூரை சொந்தமாயிருத்தல் வேண்டும்.

அடையாற்றை அடுத்துள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தார் வேறொரு வழி கண்டனர். தகடு தருவது நேர் மின்னோட்டம். மின்கலம் சேமிப்பதும் அதுவே. புதுவகை விளக்கும் விசிறியும் அதனாலேயே இயங்க வல்லன. இடையில் மாற்றி, மீண்டும் மாற்றி, மின்சாரத்தை ஏன் வீணாக்குதல் வேண்டும்? அங்ஙனம் எண்ணி, மாற்றுக் கருவியின்றியே இயங்கும் சிறு அமைப்பை ஆக்கினர். வீடொன்றுக்கு 125 வாட் தகடு. இராஜஸ்தான் பாலைநிலத்தில் மின்கம்பி எட்டாத சில ஆயிரம் வீடுகளில் அது விளக்கேற்றியது.

சென்னையின் இடர்ப்பாடு வேறு. மயிலாப்பூரைச் சார்ந்த நொச்சிக்குப்பம் போன்ற இடங்களில் அடுக்குக் குடியிருப்புகளைப் பாருங்கள். ஒரு கிலோவாட் தகட்டிற்கு ஏறக்குறைய நூறு சதுர அடி நிழலற்ற இடம் தேவை. நாளொன்றுக்குச் சுமார் நான்கு யூனிட் கிடைக்கும். மேல்தளம் ஒன்று, அதன்கீழ் வாழும் குடும்பங்களோ பல. தண்ணீர்த் தொட்டியும் படிக்கட்டும் போக எஞ்சியதில் யார் பங்கு எவ்வளவு? 2016 முதல் வீடுகட்கு இரு மாதத்திற்கு 100 யூனிட் இலவசமாதலின், சிறிதே செலவிடும் ஏழைக்குத் தகட்டால் மிச்சமாவதும் சிறிதே. மானியத்தின் பெரும்பயன் பெருவீடுகட்குச் சென்றுவிடும். குடியிருப்பார் அனைவரும் பங்குகொள்ளும் பொதுத்தகடு ஒன்றை மேல்தளத்தில் வைத்து, அதன் பயனைப் பிடிபிடியாகப் பகிர்தலே பொருந்தும் என்பது எமக்குத் தோன்றுகின்றது. வாடகைக் குடியினர்க்கும் அப்பொழுது இடமுண்டாகும்.

காமராஜர் 1963 அக்டோபர் 2-ஆம் நாள், கட்சிப்பணிக்கெனப் பதவியைத் தாமே துறந்தார்; அகில இந்தியத் தலைவராகி, இரு பிரதமர்கள் தேர்ந்தெடுக்கப்படுதற்குத் துணைநின்றார். 1967 தேர்தலில் சொந்த ஊரிலேயே தோல்வியுற்றார். பன்னிரண்டாண்டுகள் கழித்து, அதே அக்டோபர் 2-ஆம் நாள், 1975-இல், திருமலைப்பிள்ளைச் சாலை வீட்டிலேயே உயிர் நீத்தார். சில வேட்டி சட்டைகளும் புத்தகங்களும் சிறிது பணமுமே அங்கே இருந்தன என்பர். வாடகை வீடாதலின், அதனை அரசாங்கம் பின்னர் வாங்கி நினைவில்லமாக்கிற்று.