நிகழாததைத் தேடியவர்

உள்ளங்கையை விரித்து வானை நோக்கி நீட்டினால், நொடிக்கு ஏறத்தாழ ஒரு மியூவான் அதனை ஊடுருவிச் செல்லும். காஸ்மிக் கதிர்கள் வளிமண்டலத்தில் மோதுவதால் தோன்றும் துகள் அது. எலக்ட்ரானைப் போன்றதே எனினும், நிறையில் 207 மடங்கு பெரியது. சராசரியாக 2.2 மைக்ரோ நொடிகள் வாழ்ந்து சிதைந்துவிடும். எலக்ட்ரான் இருக்க, அதனையொத்த இன்னொரு துகள் இயற்கைக்கு எதற்கு? இவ்வினாவை விடாது பற்றிக்கொண்டவர் புரூனோ பொண்டெகார்வோ.

இத்தாலியின் பீசா நகருக்கு அருகில் 1913ஆம் ஆண்டு ஆகஸ்டு 22ஆம் நாள் யூதக் குடும்பமொன்றில் அவர் பிறந்தார். உரோமில் என்ரிக்கோ ஃபெர்மியின் ஆய்வுக் குழுவில் சேர்ந்தபோது அவரே யாவரினும் இளையவர். ஆதலால் 'நாய்க்குட்டி' என்று செல்லமாக அழைக்கப்பட்டார். 1934இல் வெள்ளியின் மீது நியூட்ரான்களைச் செலுத்திய ஆய்வில், பளிங்கு மேசையைவிட மரமேசையின் மீது வைத்தபோது கதிரியக்கம் மிகுவதை அவரும் அமால்டியும் கண்டனர். மரத்திலுள்ள ஹைட்ரஜன் நியூட்ரான்களின் வேகத்தைத் தணித்ததே அதற்குக் காரணம். அணுவுலைகளுக்கு வழிகோலிய கண்டுபிடிப்பு இவ்வாறு மேசை வேறுபாட்டிலிருந்து பிறந்தது.

1936இல் பாரிசுக்குச் சென்றார். 1938இல் முசோலினி அரசு இயற்றிய இனச்சட்டங்கள் தாயகம் திரும்பும் வழியை அடைத்தன. 1940இல் செருமானியப் படை பாரிசை நெருங்கவே, மிதிவண்டியில் தெற்கு நோக்கித் தப்பினார்; பின்னர் அமெரிக்கா சேர்ந்து, எண்ணெய்க் கிணறுகளில் பாறைகளை நியூட்ரான்களால் ஆராயும் முறையை உருவாக்கினார். 1943இல் கனடாவின் அணு ஆய்வுத் திட்டத்தில் இணைந்தார்.

அங்குச் சாக் ரிவர் ஆய்வகத்தில்தான் மியூவான் அவரை ஆட்கொண்டது. மியூவான் என்பது ஆற்றல் மிகுந்த நிலையிலுள்ள எலக்ட்ரானே என்றால், மிகையாற்றலைக் காமாக் கதிராக உமிழ்ந்துவிட்டு அது எலக்ட்ரானாக மாற வேண்டும். ஹிங்க்ஸ் என்பாருடன் சேர்ந்து, காஸ்மிக் கதிர் மியூவான்களைத் தடுத்து நிறுத்தி, எலக்ட்ரானும் காமாக் கதிரும் எதிரெதிர்த் திசைகளில் ஒருங்கே வெளிப்படுகின்றனவா என்று தேடினார். அவை வெளிப்படவில்லை. 1948இல் வெளியான அம்முடிவைத் தோல்வி என்று எண்ணிவிடலாகாது. மியூவான் வெறும் கனத்த எலக்ட்ரான் அன்று, இவ்விரண்டையும் பிரிக்கும் வேறுபாடு ஒன்று மறைந்துள்ளது என்பதை அந்த 'இல்லை'யே உணர்த்தியது.

பின்னர் இங்கிலாந்தில் பணியாற்றிய அவர், 1950ஆம் ஆண்டு விடுமுறைப் பயணத்தினிடையே மனைவி மக்களுடன் மறைந்தார். அணு இரகசியங்களைக் கொண்டுசென்றார் என்னும் ஐயம் எழுந்தது, அது மெய்ப்பிக்கப்படவில்லை. ஐந்தாண்டுகளுக்குப் பின்னரே சோவியத்து நாட்டில் இருப்பதை அவர் உலகிற்கு அறிவித்தார். அறிவியல் உலகின் பெரும்பகுதியிலிருந்து விலகித் துப்னா நகரில் வாழ்ந்தபோதும் அவர் சிந்தனை தேங்கவில்லை. நியூட்ரினோக்கள் தம்முள் உருமாறக்கூடும் என 1957இல் கூறினார். மியூவானுக்குரிய நியூட்ரினோ தனி வகையா என்பதைச் சோதிக்கும் வழியை 1959இல் எழுதினார். அதற்கேற்ற துகள் முடுக்கி அவரிடம் இல்லை. 1962இல் அமெரிக்காவின் புரூக்கேவனில் அச்சோதனை வென்றது; 1988இல் நோபல் பரிசு அதனை நிகழ்த்திய மூவருக்குச் சென்றது.

தாயகத்தை மீண்டும் காணும் வாய்ப்பு 1978இல்தான், அமால்டியின் எழுபதாம் பிறந்தநாளையொட்டிக் கிட்டியது. நடுக்குவாத நோயுடன் நெடுநாள் போராடி, 1993 செப்டம்பர் 24இல் துப்னாவில் மறைந்தார். அவருடைய சாம்பலின் ஒரு பாதி அங்கும் மறுபாதி உரோமிலும் அடக்கம் செய்யப்பட்டன.

நியூட்ரினோக்கள் உருமாறுவது பின்னர் உறுதியானது. ஆகவே அவர் தேடிய அரிய சிதைவும் முற்றிலும் இயலாததன்று. சுவிட்சர்லாந்தின் பால் ஷெரர் நிறுவனத்தில் அத்தேடல் தொடர்கிறது. 2016இல் அங்கு வெளியான முடிவின்படி, இரண்டு இலட்சம் கோடி மியூவான்களில் ஒன்றுகூட அவ்வாறு சிதைவதில்லை.